எல்லை வீதியின் இரட்டை எண் பக்கம்

புருசெத், ஒஸ்லோ
8.9.2025

உ
=

அன்புள்ள ஹம்சிகா அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் சுகம். அப்பாவின் இடுப்பு மட்டும் பஸ் சாரதி இருக்கையோடு ஒத்துப்போக மாட்டேன் என்கிறது. பெரியப்பாவின் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று அம்மா சொன்னார். இப்போது படி ஏறுகிறாரா? பெரியம்மாவிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் நகரத்தின் இளையோர் சபைக்கு நீங்கள் தெரிவானதற்கு எங்கள் எல்லோருடைய வாழ்த்துகள். பெரியம்மா அனுப்பிய பத்திரிகைத் துண்டை அம்மா குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறார். நகரசபை வாசலில் நகரபிதாவோடு நீங்கள் நிற்கும் படம். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் உங்களைப் பார்க்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் படம், பிறகுதான் தேநீர்.

தமிழ்ப் பள்ளியில் நேசமணி ரீச்சர் போன வருடம் போலவே மாதம் ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருக்கிறார். கைபேசியில் எழுதினால் புள்ளி இல்லை. தாளில், நல்ல தமிழில் எழுதி, தபாலில் போட்டு, பதில் வாங்கி வகுப்பில் வாசிக்க வேண்டும். இம்முறை தலைப்பு "ஓர் ஊரின் கதை". உங்கள் நகரத்தின் வரலாற்றையும் அதை யார் ஆளுகிறார்கள் என்பதையும் எழுதுவீர்களா?

அம்மா தோளுக்குப் பின்னால் நின்று வாசிக்கிறார். "வடிவா எழுதடி, அக்கா பாக்கிறதெல்லோ" என்கிறார். ஆகவே இத்துடன் நிறுத்துகிறேன்.

அன்புத் தங்கை,
துஷ்யா


ஹோல்ட்டன்ஹூட்டே, ஜேர்மனி
20.9.2025

அன்புள்ள துஷ்யாவுக்கு,

உன் கடிதம் ஒன்பது நாள் பயணம் செய்து களைக்காமல் வந்து சேர்ந்தது. நாங்களும் களைக்காமல் இருக்கிறோம், அப்பாவின் காலைத் தவிர. உறையைப் பிரித்தவுடன் சிரித்துவிட்டேன். பிள்ளையார் சுழிக்குக் கீழே எல்லோரும் ஒரு கோடு போட, கணக்கில் விடைக்குக் கீழே இழுப்பதுபோல இரண்டு கோடு இழுக்கிறவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். சித்தப்பாவும் நீயும். நான் சுழி போடுவதையே விட்டுவிட்டேன்.

எங்கள் ஊரின் கதை இது. முதலில் மூன்று கிராமங்கள். நிலத்துக்குக் கீழே நிலக்கரி இருப்பது தெரிந்ததும் ஓர் உருக்காலை வந்தது. ஆலைக்காக வீடுகள் வந்தன. 1929இல் மூன்று கிராமங்களையும் சேர்த்து நகரம் ஆக்கினார்கள். நகரசபைக் கட்டடத்தின் செங்கல்கூட ஆலை கொடுத்ததுதான். 1975இல் பக்கத்துப் பெருநகரம் எங்களை விழுங்கப் பார்த்தது. ஆலைத் தொழிலாளரும் கடைக்காரரும் பாதிரியாரும் கையெழுத்துச் சேர்த்து நீதிமன்றம் போய் ஊரைத் திருப்பி வாங்கினார்கள். முழுதாகக் கிடைக்கவில்லை. தெற்கே எல்லை வீதியின் நடுவால் கோடு போட்டுவிட்டார்கள். இரட்டை எண் வீடுகள் எங்கள் நகரம். ஒற்றை எண் வீடுகள் பெருநகரம். எங்களுக்குச் செவ்வாய்க்கிழமை குப்பை வண்டி வரும், எதிர் வீட்டுக்கு வியாழக்கிழமை. பனி கொட்டினால் வீதியின் ஒரு பாதியை மட்டும் வழித்துவிட்டுப் போவார்கள். 1987இல் ஆலையை மூடினார்கள். புகைபோக்கி மட்டும் நிற்கிறது.

இனி வருவது வகுப்பில் வாசிப்பதற்கு இல்லை.

இரண்டாம் உலகப் போரின்போது உக்ரைனிலிருந்து பலவந்தமாகக் கொண்டுவந்து இந்த ஆலையில் வேலை வாங்கிய பெண்களில் இருபத்தொன்பது பேர் எங்கள் தெற்கு மயானத்தில் கிடக்கிறார்கள். கல்லில் பெயர் இல்லை, எண் மட்டும். அவர்களுடைய பெயர்களைக் கல்லில் வெட்ட வேண்டும் என்று நான் பிரேரணை கொண்டுவரப் போகிறேன். தெற்குப் பகுதி மயானம் என்பதால் தெற்குப் பகுதி உறுப்பினர்தான் கொண்டுவரலாம். அது நான்தான்.

இதில் ஒரு சிக்கல். அப்பாவால் மூன்று மாடி ஏற முடியாது. போன வாரம் 36ஆம் இலக்கத்திலிருந்து எதிரே 41ஆம் இலக்கத்துக் கீழ்வீட்டுக்கு மாறிவிட்டோம். புது விலாசத்தைப் பதிந்தால் நான் வேறு ஊர்க்காரி, பதவி போய்விடும். அப்பா, "வீதிக்கு அங்கால போனதுக்கு ஆர் கேக்கப்போகினம்? பங்குனிக் கூட்டம் முடியுமட்டும் பேசாம இருப்பம்" என்கிறார். பெட்டி தூக்க வந்த என் சிநேகிதி யதுர்ஷாவுக்குத் தெரியும். இப்போது உனக்கு. வேறு ஒருவருக்கும் தெரியாது.

அன்புடன் அக்கா,
ஹம்சிகா


புருசெத்
3.10.2025, இரவு

உ
=

அன்புள்ள அக்கா,

இது ரீச்சருக்கான கடிதம் இல்லை. அம்மாவுக்கும் தெரியாது. ஒன்பதரைக்குக் கைபேசியை வாங்கி வைத்துவிடுவார். அதன்பிறகு போர்வைக்குள் சின்ன விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்குத் தடிமன், மூக்கடைப்பு, மற்றப்படி சுகம். உங்களுக்குக் குளிர் தொடங்கிவிட்டதா?

உங்கள் ஊரின் கதையை வகுப்பில் வாசித்தேன். குப்பை வண்டிக்கு எல்லோரும் சிரித்தார்கள். முடிந்ததும் ரீச்சர், "பாத்தீங்களோ பிள்ளையள், ஹம்சிகா என்ன மாதிரி எழுதியிருக்கிறா!" என்றார். வாசித்தது நான். பிழையில்லாமல் வாசித்தேன். அதை ஒருவரும் சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால் கோபிப்பீர்களா? எனக்கு உங்கள்மேல் எரிச்சலாக இருக்கிறது. கணிதத்தில் எனக்கு மூன்று வந்தது. இங்கே ஆறுதான் கூடியது. அம்மா ஏசவில்லை. குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஏசியிருக்கலாம்.

எனக்கு ஆறு வயதாக இருக்கும்போது நீங்கள் இங்கே வந்தது நினைவிருக்கிறதா? சறுக்கு வண்டியில் என்னை முன்னால் இருத்தி, என் காதைப் பொத்திக்கொண்டே மேட்டிலிருந்து இறங்கினீர்கள். அப்போது நீங்கள் என் அக்கா மட்டும்தான். நகரபிதா இல்லை, பத்திரிகை இல்லை.

எங்கள் பத்தாம் வகுப்பை பேர்லினுக்குக் கூட்டிப்போகிறார்கள், போர்க்கால முகாம்களைப் பார்க்க. இருபத்தைந்தாம் திகதி சனிக்கிழமை பின்னேரம் எங்களுக்கு ஓய்வு. உங்கள் ஊரிலிருந்து ரயிலில் நாலு மணித்தியாலம் என்று பார்த்து வைத்திருக்கிறேன். பெரியம்மாவோடு வருவீர்களா? ஒரு மணித்தியாலம் இருந்தால் போதும். வேறு ஒருவரையும் கூட்டி வர வேண்டாம்.

காத்திருக்கும்
துஷ்யா


ஹோல்ட்டன்ஹூட்டே
13.10.2025

அன்புள்ள துஷ்யாவுக்கு,

உன் தடிமன் போய்விட்டதா? மல்லித் தண்ணி குடி. இங்கே குளிர் வந்துவிட்டது. கீழ்வீடு என்பதால் கால் சில்லிடுகிறது, ஆனால் அப்பா தானே கதவைத் திறந்து வெளியே போகிறார்.

எரிச்சல் என்று எழுதியிருந்தாய். அட விசரி, எனக்கு என்ன கோபம்? உனக்கும் ஒரு நாள் வரும்.

பேர்லினுக்கு வர முடியாது, தங்கச்சி. நகர ஆவணக் காப்பகத்தை அந்தச் சனிக்கிழமைதான் எங்களுக்காகத் திறக்கிறார்கள். ஆலையின் உணவுப் பட்டியலில் அந்தப் பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. யதுர்ஷாவும் நானும் காலையிலிருந்து மாலைவரை இருந்து எழுதி எடுக்க வேண்டும். தேர்தலில் அவளும் நின்றவள், ஒன்பது வாக்குத்தான் என்னைவிடக் குறைவு. ஆனாலும் மனத்தில் ஒன்றும் வைக்காமல் என்னோடு நிற்கிறாள். எனக்கு ஒரு சொந்தத் தங்கச்சி கிடைத்ததுபோல.

சித்தி தொலைபேசியில் உன் கணிதத்தைப் பற்றிக் கவலைப்பட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சொல்லித் தரட்டுமா? கூச்சப்படாமல் கேள்.

பேர்லினில் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன் அக்கா


பேர்லின், விடுதி
25.10.2025, இரவு
(அனுப்பவில்லை)

உ
=

அக்கா,

சுகம் விசாரிக்க வாய் வரவில்லை.

பகலில் எங்களைப் பெண்கள் முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு சுவர் முழுக்கப் பெயர்கள். ஆளுக்கு ஒரு பெயரைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார் எங்கள் ஆசிரியர். எனக்கு வந்த பெயரை எனக்குச் சொல்ல வரவில்லை. இரண்டு தரம் முயன்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லது.

பின்னேரம் எல்லோரும் கடைக்குப் போனார்கள். நான் விடுதியில் இருந்தேன். நீங்களும் யதுர்ஷாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பெயர் எழுதுவதை நினைத்தேன். சொந்தத் தங்கச்சிபோல என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் நான் யார்?

மேசையில் விடுதித் தாள் இருந்தது. பள்ளியில் படித்த ஜேர்மன் மொழியில், பெரிய எழுத்தில், மூன்று வசனம் எழுதினேன். "உங்கள் இளையோர் சபை உறுப்பினர் ஹம்சிகா சிறீஸ்கந்தராசா இப்போது எல்லை வீதி 41இல் வசிக்கிறார். அது உங்கள் நகரம் இல்லை. போய்ப் பாருங்கள்." பெயர் போடவில்லை. உறையில் உங்கள் நகரசபையின் விலாசத்தை எழுதினேன்.

அறைத்தோழி எம்மா திரும்பி வந்து, "யாருக்கு?" என்று கேட்டாள். "அக்காவுக்கு" என்றேன். "நாளைக்கு எழுதேன், சாப்பிட வா" என்றாள். நான் போகவில்லை. ஓடிப்போய் மஞ்சள் பெட்டியில் போட்டேன். எங்கள் ஊரில் தபால் பெட்டி சிவப்பு. மஞ்சள் பெட்டி என்பதால் அது விளையாட்டுப் போலவே இருந்தது, உறை கீழே விழும் சத்தம் கேட்கும்வரை.

அந்தச் சத்தத்தோடுதான் இருபத்தொன்பது பேரும் நினைவுக்கு வந்தார்கள். கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை.

பயமாக இருக்கிறது.


ஹோல்ட்டன்ஹூட்டே
18.11.2025

அன்புள்ள துஷ்யாவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. சுகமில்லையோ என்று அம்மா கேட்கிறார். நாங்கள் உடம்பால் சுகம்.

என் பதவி போய்விட்டது. நகரசபைக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிருக்கிறது. இரண்டு அலுவலர்கள் வந்து 36இல் மணி அடித்தார்கள், பிறகு வீதியைக் கடந்து 41இல் அடித்தார்கள். கதவைத் திறந்தது அப்பா. "சும்மா வந்தனாங்கள், ரீ குடிக்க" என்று அவர் ஜேர்மன் மொழியில் சொல்லியிருக்கிறார், இடுப்பில் கட்டிய சாரத்தோடும் வீட்டுச் செருப்போடும் நின்றுகொண்டு. மணிக்குப் பக்கத்தில் எங்கள் பெயர்.

பிழை எங்களுடையதுதான். நான் அழவில்லை. அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்தக் கடிதத்தை மேசையில் வைத்துக் காட்டினார்கள். எல்லாம் பெரிய எழுத்து, கையெழுத்துத் தெரியாமல். ஆனால் தலைப்பில் ஒரு பிள்ளையார் சுழி. "இது என்ன அடையாளம்?" என்று அந்தப் பெண் அலுவலர் கேட்டார். தெரியாது என்றேன்.

ஒரு தமிழ்ப்பிள்ளை எழுதியது என்று அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா இங்குள்ள தமிழ்ப் பள்ளியில் சொன்னார். பெட்டி தூக்கியவள் யதுர்ஷா. அடுத்த கூடிய வாக்கு அவளுக்கு, ஆகவே சபையில் என் கதிரை அவளுக்குத்தான். பெற்றோர்கள் கூட்டிக் கழித்துவிட்டார்கள். "நண்டு மாதிரிக் காலைப் பிடிச்சு இழுத்துப்போட்டாள்" என்று ஒரு மாமி அவள் முகத்துக்கு நேரே சொன்னாராம்.

நீ என்ன நினைக்கிறாய்?

ஹம்சிகா


புருசெத்
2.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் பிந்தியதற்கு மன்னியுங்கள். தவணைப் பரீட்சை. நாங்கள் சுகம். பெரியப்பா மனமுடைந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்தி கேட்டு அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "ஆரின்ரையோ எரிச்சல், என்ரை பிள்ளையிலை பட்டுட்டுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமை உங்களுக்குக் கண்ணூறு கழித்தார். நீங்கள் இங்கே இல்லாததால் பத்திரிகைப் படத்தை நான் நெஞ்சுக்கு நேரே பிடிக்க வேண்டியிருந்தது. உப்பும் செத்தல் மிளகாயும் மூன்று தரம் சுற்றி, "எரிஞ்சவையின்ரை கண் எரியட்டும்" என்று சூடான சட்டியில் போட்டார். புகை எழும்பி எங்கள் தொடர்மாடி முழுக்க அபாய மணி அடிக்கத் தொடங்கியது. ஏழு மாடிச் சனமும் செருப்போடு பனியில் இறங்கி நின்றது. பராமரிப்பாளர் ஓடிவந்து என்ன எரிந்தது என்று கேட்டார். அம்மா, "இரவுச் சாப்பாடு" என்றார்.

சட்டிக்குக் கிட்ட நின்றதால் எனக்குத்தான் கண் கூடுதலாக எரிந்தது. இப்போதும் எரிவதுபோல இருக்கிறது.

யார் செய்திருப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் ஒன்பது வாக்கால் தோற்றவளுக்கு மனத்தில் ஒன்றும் இருக்காது என்று நீங்கள் நம்பியது கொஞ்சம் அதிகம்தான். அதற்குமேல் நான் சொல்லக் கூடாது.

அன்புடன்,
துஷ்யா


ஹோல்ட்டன்ஹூட்டே
11.1.2026

துஷ்யாவுக்கு,

புதுவருடத்தில் எல்லோரும் சுகமாக இருங்கள்.

யதுர்ஷா அந்தக் கதிரையை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறாளாம். "இருந்தா நான்தான் எழுதினன் எண்டு ஆகும்" என்று அழுதாளாம். தமிழ்ப் பள்ளிக்கும் வருவதில்லை. மயானத்துக்கான இந்த வருட வேலைத்திட்டத்தை மார்ச் பன்னிரண்டாம் திகதிக் கூட்டத்தில் முடிவு செய்கிறார்கள். அன்று தெற்குப் பகுதிக் கதிரை காலியாக இருந்தால் பிரேரணை இல்லை. பெயர்களும் இல்லை. பட்டியல் என் மேசை லாச்சியில் கிடக்கிறது.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இந்தமுறை சுழி போட மறந்துவிட்டாய்.

ஹம்சிகா


புருசெத்
1.2.2026

உ
=

அன்புள்ள அக்கா,

உங்கள் கடைசி வரியைப் பத்து நாளாகச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போய் வந்தேன். ரி-பான் ரயிலில் எதிரே இருக்கிறவர்கள்கூட அதை வாசிப்பதுபோல இருந்தது.

அதை எழுதியது நான். பேர்லினில் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாம் அதில் இருக்கிறது. சுழி போட்டது எனக்கே தெரியாது. தாளை எடுத்தால் கை தானாகப் போடும். நீங்கள் எழுதிய பிறகுதான் தெரிந்தது, அந்தப் பயத்தில்தான் டிசம்பரில் வேண்டுமென்று விட்டேன். யதுர்ஷாவைப் பற்றி எழுதியது இன்னும் மோசம். மொட்டைக் கடிதம் ஐந்து நிமிடத்தில் எழுதியது. அந்த வரியை நான் யோசித்து யோசித்து எழுதினேன்.

நேற்று அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சொன்னேன். அப்பா தொலைக்காட்சியை நிறுத்தினார். அம்மா முதலில் விளங்காததுபோலக் கேட்டார்.

"எந்தக் கடிதம்? நீயோ எழுதினனி?"

"ஓம்."

"எங்கடை ஹம்சிக்கோ?"

"ஓம் அம்மா."

"சுழி போட்டோ?" என்றார் அம்மா. "அந்த வேலைக்குப் பிள்ளையாரையும் கூப்பிட்டனியோடி?"

அப்பா மெதுவாகக் கேட்டார். "ரெண்டு கோடோ?"

"ஓம்."

"அப்ப அவள் அண்டைக்கே கண்டிருப்பாள்" என்றார். அம்மா எழும்பிப் போய் உங்கள் படத்தைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கழற்றி லாச்சிக்குள் வைத்தார். கதவு வெறுமையாக இருக்கிறது. இத்தனை மாதமாக நான் ஆசைப்பட்டது அதைத்தான். பால் எடுக்கப் போனால் பார்க்க முடியவில்லை.

இன்னொரு உறையும் வைத்திருக்கிறேன். யதுர்ஷாவுக்கு. உள்ளே என் முழுப் பெயரும் விலாசமும் இருக்கிறது. அவள் அதை யாருக்கும் காட்டலாம், நகரசபைக்கும், அந்த மாமிக்கும். உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்குப் பயம். ஆனால் கேட்கிறேன்.

துஷ்யா


ஹோல்ட்டன்ஹூட்டே
14.3.2026

உ
=

அன்புள்ள துஷ்யாவுக்கு,

ஆறு வாரம் உன்னைக் காக்க வைத்துவிட்டேன். அம்மாவும் அப்பாவும் சுகம். அப்பா இப்போது கைத்தடி இல்லாமல் நடக்கிறார். சித்தி சாப்பிடுகிறாரா? சித்தப்பாவின் இடுப்பு எப்படி?

சித்தப்பா சொன்னது சரி. அலுவலர் கடிதத்தை மேசையில் வைத்தபோது நான் முதலில் கண்டது அந்த இரண்டு கோட்டைத்தான். உறையும் பக்கத்தில் கிடந்தது, பேர்லின் முத்திரையோடு. கதிரையில் உட்கார முன்பே எனக்குத் தெரியும்.

அம்மாவிடம் "ஒரு தமிழ்ப்பிள்ளை" என்று மட்டும் சொன்னேன். அம்மா, "யதுர்ஷாவோ?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். என் கதிரையில் அவள் இருக்கப்போகிறாள், என் பெயர்ப் பட்டியலை அவள் வாசிக்கப்போகிறாள் என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அம்மா அந்தப் பெயரைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? எரிச்சல் என்று நீ எழுதியபோது உன்னை விசரி என்றேன்.

உன் உறையைப் பத்து நாள் வைத்திருந்துதான் கொண்டுபோனேன். அவள் வாசலில் நின்றே வாசித்தாள். பிறகு நான் என் பங்கையும் சொன்னேன். முதல் நாளே தெரியும் என்றேன்.

"மூண்டு மாசம்" என்றாள். "மூண்டு மாசம் நான் கடைக்குப் போறதுக்கும் சுத்துப் பாதையாலை போனனான், ஹம்சி."

"தெரியும்."

"அக்காவும் தங்கச்சியும் நல்லாத்தான் எழுதுறியள்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

ஆனால் அடுத்த நாள் பட்டியலைக் கேட்டுத் தன் தம்பியை அனுப்பினாள். கொடுத்தேன்.

நேற்று முன்தினம் கூட்டம். பார்வையாளர் உட்காரும் வாங்கில் ஒற்றை எண்காரரும் இருக்கலாம். கடைசி வரிசையில் போய் இருந்தேன். யதுர்ஷா எழும்பிப் பிரேரணையை வாசித்தாள். நகரபிதா, "பெயர்களையும் வாசியுங்கள்" என்றார். இருபத்தொன்பதையும் வாசித்தாள், ஒன்றும் தடக்காமல். உச்சரிப்புப் பழகியிருக்கிறாள். நான் என்றால் ஆறாவது பெயரில் நின்றிருப்பேன். எல்லோரும் கை உயர்த்தினார்கள். கோடையில் கல் வெட்டுவார்கள். போகும்போது அவள் என் வாங்கைத் தாண்டித்தான் போனாள். என்னைப் பார்க்கவில்லை.

உன்னை நான் மன்னித்துவிட்டேனா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் சபையில் அவளுக்குக் கைதட்டியபோது எனக்குள் என்ன நடந்தது என்று இந்த ஊரில் ஒருவருக்கும் சொல்ல முடியாது. அவள் என்னைவிட நன்றாக வாசித்தாள், துஷ்யா. எனக்கு எரிந்தது. உனக்கு மட்டும்தான் இதை எழுதலாம்.

அக்கா
ஹம்சிகா